பொய்ச்சுவரும் மெய்க்கணக்கும்

 

மழைக்காலத்திற்கு முன் மொட்டைமாடியைச் செப்பனிடுவது குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். இம்மாதம் வீட்டின் உட்புறத்திற்கு வருவோம். கூடத்தில் பெரிய திரையும் ஒலிபெருக்கிகளும் வைத்து, வயர்களையும் பெட்டிகளையும் மறைக்க ஒரு முன்சுவர் எழுப்பும் பழக்கம் இப்போது சிற்றூர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. தச்சர்கள் இதனை 'ஃபால்ஸ் வால்' என்கிறார்கள். பொய்க்கூரை என்று சொல்வது போல நாம் பொய்ச்சுவர் என்போம். இது வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படித் திட்டமிடுவது, எவ்வளவு ஒதுக்குவது என்பதே இன்றைய பேச்சு.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூருக்கு அண்மையில் சென்றிருந்தேன். சிறு வயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று வளைகுடாவில் வேலை பார்க்கிறார். இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்தவர் என்னை அழைத்துத் தம் வீட்டுக் கூடத்தைக் காட்டினார். கையில் தச்சர் எழுதித் தந்த மதிப்பீடு இருந்தது.

"ஹஜ்ரத், பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு செல்போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய திரை ஒன்று வைத்தால் எல்லாரும் ஒரே இடத்தில் உட்காருவார்களே என்று பார்க்கிறேன். நான் இல்லாத பத்து மாதமும் வீடு சேர்ந்திருக்க வேண்டும்" என்றார்.

இந்த ஆசையில் குறைகாண எனக்கு மனம் வரவில்லை. திரையில் எதைப் பார்ப்பது, எதை விலக்குவது என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள். சுவரைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று சொல்லி அமர்ந்தேன்.

கூடம் கிழக்கு மேற்காக 18 அடி, வடக்கு தெற்காக 14 அடி. உயரம் 10 அடி. மேற்குச் சுவர் முழுவதையும் மறைத்து, ஓர் அடி முன்தள்ளிப் பொய்ச்சுவர் எழுப்புவதாகத் திட்டம். மதிப்பீடு இவ்வாறு இருந்தது: ஜி.ஐ. சட்டத்தில் ஜிப்சம் போர்டு 140 சதுர அடி, சதுர அடி 180 ரூபாய் வீதம் 25,200. அலங்காரப் பலகை 60 சதுர அடி, 350 ரூபாய் வீதம் 21,000. ப்ளைவுட் அலமாரி 22,000. மின்வேலை 12,800. விளக்குகள் 9,000. வண்ணம் 6,000. ஆக 96,000 ரூபாய். தொலைக்காட்சிக்கு 70,000, ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் 94,000. எல்லாம் சேர்த்து 2,60,000 ரூபாய். அவர் கையில் இருந்தது 1,50,000. மீதி 1,10,000 ரூபாயைக் கிரெடிட் கார்டுத் தவணையில் கட்டிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். (இவை அந்த வீட்டுக் கணக்கு. விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும். முறையை மட்டும் கவனியுங்கள்.)

மதிப்பீட்டை மடித்து வைத்துவிட்டு அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். இச்சுவர் எந்தத் திசையில் உள்ளது? இதன் மறுபக்கம் யார் இருக்கிறார்கள்? இதன் உள்ளே என்ன இருக்கிறது?

முதற்கேள்விக்கு விடை எளிது. மேற்குச் சுவர் நம் நாட்டில் கிப்லாவின் பக்கம். அவ்வீட்டுப் பெண்கள் கூடத்தில்தான் தொழுகிறார்கள். சுவர் நிறையத் திரையும் மினுக்கும் விளக்குகளும் வைத்துவிட்டு அதனை நோக்கியே தக்பீர் கட்டுவது உள்ளத்திற்கு இடைஞ்சல் அல்லவா? திரையை அணைத்தாலும் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் பின்னால் நடமாடுவோரின் உருவம் தெரியும். வீடு கட்டும்போதே தொழுமிடத்தைக் குறித்துக்கொண்டு, பொழுதுபோக்குக்குரிய பொருளை வேறு சுவருக்கு ஒதுக்குவதே முறை.

இரண்டாம் கேள்விக்கு அவர் சற்றுத் தயங்கினார். மறுபக்கம் அவருடைய தாயாரின் அறை. கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டியே இருந்தது.

ஒலியைப் பற்றி இங்கே ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும. பேச்சொலி போன்ற மெல்லிய ஒலியைச் செங்கல் சுவர் ஓரளவு தடுத்துவிடும். ஆனால் சப்-வூஃபர் என்னும் பெட்டியிலிருந்து எழும் தாழ்ந்த அதிர்வொலி சுவரையும் தரையையுமே அசைத்துக்கொண்டு அடுத்த அறைக்குச் செல்லும். பொய்ச்சுவர் எழுப்பினால் அது தடுபடும் என்று பலர் நம்புகின்றனர். உள்ளே வெற்றிடம் விட்டு மெல்லிய பலகை அடித்தால், அது தஃப் போல் ஆகி ஒலியைக் கூட்டவும் செய்யும். தடுக்க வேண்டுமானால் இடைவெளியில் ராக்வூல் நிரப்ப வேண்டும். போர்டை இரண்டடுக்காக அடிக்க வேண்டும். சட்டம் பழைய சுவரைத் தொடாமல் தனித்து நிற்க வேண்டும். ஓரங்களிலுள்ள சிறு சந்துகளையும் அடைக்க வேண்டும். சிலர் முட்டை அட்டைகளை ஒட்டுகிறார்கள். அது அறைக்குள் எழும் எதிரொலியைச் சற்றே குறைக்குமன்றி அடுத்த அறைக்குச் செல்லும் ஒலியைத் தடுக்காது. அந்த எதிரொலியைக் கனமான திரைச்சீலையும், தரைவிரிப்பும், நூல்கள் நிறைந்த அலமாரியுமே குறைத்துவிடும்.

தாயாரிடம் இதைப் பற்றிக் கேட்டாயா என்று வினவினேன். "அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஹஜ்ரத்" என்றார். நானே சென்று அம்மையாரிடம் சலாம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன். "அவன் ரெண்டு மாசம்தானே இருக்கப் போறான். ஆசைப்படுறான். சத்தம் எல்லாம் பழகிப்போயிடும்" என்றார். அவர் இஷாவுக்குப் பின் உறங்கித் தஹஜ்ஜுதுக்கு எழுபவர் என்பதை அவர் மருமகள் எனக்குச் சொன்னார்.

அன்பர்களே! வீட்டுப் பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது சம்மதமன்று, பொறுமை. அவர்களுடைய பொறுமையின் மீது நாம் சுவர் எழுப்பக் கூடாது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி அவ்வளவு வலியுறுத்திச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அடுத்த வீட்டாருக்கே அவ்வளவு உரிமை என்றால், அடுத்த அறையிலிருக்கும் தாய்க்கு எவ்வளவு!

மூன்றாம் கேள்வி, சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்பது. தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை வண்ணம் உப்பியிருந்தது. வெண்ணிற உப்பும் பூத்திருந்தது. "அதை மறைக்கத்தான் இந்த ஏற்பாடே" என்றார் மாணவர். ஒரு சோதனை செய்யச் சொன்னேன். ஓரடிச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். தாளின் வெளிப்புறம் நீர்த்துளி இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய உட்புறம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. செலவில்லாத சோதனை இது. பொய்ச்சுவர் எழுப்ப நினைக்கும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது.

இரண்டு நாளில் விடை வந்தது. உட்புறம் முழுவதும் நீர்த்துளி. தாயாரின் குளியலறைக் குழாய் அச்சுவரின் உள்ளே ஓடுகிறது. பிளம்பர் ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தபோது இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. இந்நிலையில் மேலே போர்டு அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜிப்சம் போர்டின் மேற்புறம் காகிதம். உள்ளே இருப்பதும் ஈரம்பட்டால் நைந்துபோவது. பூஞ்சை பிடிக்கும், ப்ளைவுட்டைக் கரையான் தேடிவரும், உள்ளே மின்வயர்கள் வேறு. இரண்டு மழைக்காலம் கழித்துச் சுவர் முழுவதையும் பிரிக்க நேரிடும். ஈரம் தாங்கும் போர்டு என்று தனியே விற்கிறார்கள். அது சமையலறை, குளியலறைக் காற்றின் ஈரத்தைத் தாங்குவதற்குரியது. கசியும் குழாய்க்கு மருந்தன்று.

இவ்விடத்தில் புள்ளலூருக்கே உரிய ஒரு சுவர் நினைவுக்கு வருகிறது. பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை வென்ற இடம் என்று காசக்குடிச் செப்பேடு குறிப்பிடும் ஊர் இது. பின்னர் 1780 செப்டம்பர் 10ஆம் நாள், ஹிஜ்ரி 1194இன் ரமளான் மாதத்தில், ஹைதர் அலியின் படையும் அவருடைய மகன் திப்பு சுல்தானின் படையும் கர்னல் பெய்லி தலைமையிலான ஆங்கிலேயப் படையை முறியடித்ததும் இங்கேதான். காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோவின் சேனையுடன் சேர்வதற்காக வந்துகொண்டிருந்த பெய்லி, வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறிய பின் சரணடைந்தார். சிறைப்பட்ட நிலையிலேயே 1782இல் சீரங்கப்பட்டணத்தில் இறந்தார். 1781 ஆகஸ்டில் அதே களத்தில் மீண்டும் போர் மூண்டது. அதில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகள் இருவரின் நினைவுத்தூண்கள் இன்றும் அவ்வூரில் நிற்கின்றன.

1780ஆம் ஆண்டு வெற்றியைத் திப்பு சுல்தான் ஒரு சுவரில் வரையச் செய்தார். சீரங்கப்பட்டணத்தில் 1784இல் கட்டப்பட்ட தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் அச்சித்திரம் உள்ளது. யானைகளும் குதிரைகளும் பீரங்கிகளும், சதுரமாக அணிவகுத்த படையின் நடுவே பல்லக்கில் அமர்ந்திருக்கும் பெய்லியும், வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டியும் அதில் காணப்படுகின்றன. அக்காலத்தின் 'பெரிய திரை' அது என்றே சொல்லலாம். பின்னாளில் அதன்மீது வெண்சுண்ணாம்பு பூசி மறைத்தனர். டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில் அது மீண்டும் தீட்டப்பட்டது. அதே காட்சியைக் காகிதத்தில் தீட்டிய 32 அடி நீளமுள்ள பழைய ஓவியமொன்று 2022ஆம் ஆண்டு லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போயிற்று.

மேலே பூசுவதால் உள்ளே இருப்பது இல்லாமற் போவதில்லை. அங்கே சுண்ணாம்புக்கு அடியில் மறைந்தது ஒரு சித்திரம். நம் மாணவரின் சுவருக்கு உள்ளே இருந்தது ஒழுகும் குழாய். மறைக்கும் முன் எது மறைகிறது என்று பார்ப்பதே திட்டத்தின் முதற்படி.

நிற்க, இனித் திட்டத்திற்கு வருவோம். கிழக்கில் தலைவாசல்; வடக்கில் சமையலறைக் கதவு; எஞ்சியது தெற்குச் சுவர். அது வெளிச்சுவர், மறுபக்கம் எவருமில்லை. கிழக்கோரமாக ஒரு சன்னல் உண்டு. சுவர் முழுவதையும் மறைத்தால் சன்னல் அடைபட்டுக் காற்று நின்றுவிடும். ஆகவே முழுச்சுவரை விட்டுவிட்டு, சன்னலுக்கு மேற்கே 6 அடி அகலம், 8 அடி உயரமுள்ள பலகை ஒன்றை மட்டும் எழுப்புவது என்று முடிவாயிற்று. கடையில் கிடைத்த போர்டு 6 அடிக்கு 4 அடி. இரண்டு போர்டுகளைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சரியாக 6 அடிக்கு 8 அடி. துண்டு ஏதும் வீணாவதில்லை. அளவைப் போர்டுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டாலே செலவில் ஒரு பகுதி மிச்சமாகும்.

65 அங்குலத் திரை என்பது மூலைக்கு மூலை அளவு. அதன் அகலம் ஏறத்தாழ 57 அங்குலம், உயரம் 32 அங்குலம். திரையளவைப் போல் ஒன்றரை மடங்கு தொலைவில் அமர்வது பொதுவான வழக்கு. அதன்படி 8 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வடக்குச் சுவரிலிருந்து சோஃபாவை இரண்டடி முன்னே இழுத்தால் கண்ணுக்கும் திரைக்கும் 9 அடி கிடைக்கிறது. சமையலறைக்குச் செல்லவும் வழி இருக்கிறது. திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 42 அங்குல உயரத்தில், அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். பலர் சித்திரம் மாட்டுவது போல் உயரத்தில் மாட்டிவிட்டுக் கழுத்து வலியால் துன்பப்படுகிறார்கள்.

தச்சரிடம் நாங்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகளை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, தொலைக்காட்சி மாட்டும் இடத்தில் போர்டுக்குப் பின்னால் 18 மி.மீ. ப்ளைவுட் வைத்துச் சட்டத்தில் முடுக்க வேண்டும்; வெறும் ஜிப்சம் போர்டு அந்தப் பாரத்தைத் தாங்காது. இரண்டு, போர்டின் அடிவிளிம்பு தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும். வீடு துடைக்கும் தண்ணீரை அது உறிஞ்சக் கூடாது. மூன்று, மின்சார வயரும் ஒலி, ஒளி வயர்களும் தனித்தனிக் குழாயில் செல்ல வேண்டும். இல்லாவிடில் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கலாம். நான்கு, எச்.டி.எம்.ஐ. வயரின் தலை பெரிது. ஆகவே குழாய் அகலமாக இருக்கட்டும். பின்னாளில் புது வயர் இழுப்பதற்காக உள்ளே ஒரு கயிற்றையும் விட்டு வையுங்கள். ஐந்து, ஆம்ப்ளிஃபயர் சூடாகும் பெட்டி. அதை மூடிய அலமாரியில் வைக்காதீர்கள். ஆறு, மூடுவதற்கு முன் உள்ளே ஓடும் வயர்களையும் குழாய்களையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். நாளை ஆணி அடிப்பவர் அறியாமல் அடிக்க மாட்டார்.

புதிய கணக்கைக் கேளுங்கள். போர்டு 48 சதுர அடி, 8,640 ரூபாய். ப்ளைவுட்டும் சிறு அலமாரியும் 9,000. மின்வேலை 7,500. விளக்கு 2,500. வண்ணம் 3,000. ஆக 30,640. இதனுடன், முதல் மதிப்பீட்டில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தோம்: குளியலறைக் குழாயை மாற்றுதல், சுவரை மறுபூச்சுப் பூசுதல், தாயார் பிடித்து எழுவதற்குக் கைப்பிடி, வழுக்காத தரை ஓடு, 21,000 ரூபாய். மொத்தம் 51,640. எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்காக 5,160 சேர்த்தால் 56,800 ரூபாய். இந்தக் கடைசி வரியை எவரும் எழுதுவதில்லை. எழுதாதவரும் அதைச் செலவழிக்கவே செய்கிறார். கடன் வாங்கிச் செலவழிக்கிறார் என்பதே வேறுபாடு.

கையிலிருந்த 1,50,000 ரூபாயில் இது போக 93,200 மிஞ்சியது. 70,000க்குத் தொலைக்காட்சி. மீதி 23,200. ஸ்பீக்கர்களை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிவைத்தார். அவற்றுக்குரிய வயர்க்குழாய் மட்டும் இப்போதே உள்ளே போயிற்று. கிரெடிட் கார்டுத் தவணை தேவைப்படவில்லை. கூடத்தை அழகுபடுத்துவதற்காக வீட்டுக்குள் வட்டியை அழைத்து வருவது எவ்வளவு பெரிய நட்டம் என்பதை நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வேறு வழி இருக்கிறது என்று காட்ட மட்டுமே வேண்டியிருந்தது. வீண்விரயத்தைக் கண்டிக்கும் நம் மார்க்கம் கஞ்சத்தனத்தையும் கண்டிக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வழிக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

தச்சருடன் பேசியதை எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வதும் அவசியம். என்ன பொருள், என்ன அளவு, எத்தனை நாள், எப்போது எவ்வளவு பணம் என்பன தெளிவாக இருக்கட்டும். தவணைக் கடனை எழுதி வைக்கப் பணிக்கும் அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருமறையில் மிக நீண்ட வசனம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எழுதிக்கொள்வது ஒருவரையொருவர் சந்தேகிப்பதற்காக அன்று. இருவரையும் தவறிலிருந்து காப்பதற்காக. வேலை முடிந்தால் கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பது நம் கடமை.

மாணவர் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் மீண்டும் அழைத்திருந்தார். மேற்குச் சுவர் உலர்ந்து, வெண்மையாக, வெறுமையாக இருந்தது. அதன் முன்னே தொழுகை விரிப்பு. தெற்கே புதுத்திரை. பிள்ளைகள் தரையில் அமர்ந்திருந்தனர். தாயாருக்கு ஒரு நாற்காலி. அதற்குக் கைப்பிடியும் முதுகணையும் இருந்தன.

என்ன காட்டட்டும் என்று என்னைக் கேட்டார். தரியா தௌலத் சுவரோவியத்தின் படத்தைக் காட்டச் சொன்னேன். தங்கள் ஊர்ப் போர் எங்கோ ஒரு மாளிகைச் சுவரில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் முதன்முறையாகக் கேட்டார்கள். செல்போன்கள் ஓரத்தில் கிடந்தன. யானைகளை எண்ணுவதில் அவர்களுக்குள் போட்டி.

தாயார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல நம்ம ஊரு எந்தப் பக்கம்பா?" என்றார்.

பேரப்பிள்ளைகள் நால்வரும் எழுந்து சென்று திரையில் ஆளுக்கொரு இடத்தைத் தொட்டுக் காட்டினார்கள்.

பொய்ச்சுவர் எழுப்ப எண்ணும் சகோதரர்களே! அளவு நாடாவை எடுக்கும் முன் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் திசை, மறுபக்கம் யார், உள்ளே என்ன? விடை தெரிந்த பின் கணக்கெழுதுங்கள். நம் இல்லங்களை அமைதி தங்கும் இடங்களாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக!

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், கிணற்று நீரும் தொட்டி நீரும் பற்றிப் பேசுவோம். வஸ்ஸலாம்.